ஒரே இனம், இரு பால்: ஆண் நாயும் பெண் நாயும் எங்கே வேறுபடுகின்றன?

1957ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் தேதி சோவியத் ஒன்றியம் விண்ணில் ஏவிய ஸ்புட்னிக்-2 விண்கலத்தில் இருந்த லைக்கா ஒரு பெண் நாய். 1960ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பூமியைச் சுற்றிவிட்டு உயிருடன் திரும்பிய பெல்கா, ஸ்ட்ரெல்கா ஆகிய இரண்டும் பெண் நாய்களே. இது தற்செயலாக அமைந்ததன்று. ஆண் நாய் சிறுநீர் கழிக்கக் காலைத் தூக்க வேண்டும்; அசையக்கூட இடமில்லாத அந்தச் சிறிய அறையில் அதற்கு வழியில்லை. கழிவுகளைச் சேகரிக்கும் கருவியும் பெண் நாயின் உடலமைப்புக்கு ஏற்பவே வடிவமைக்கப்பட்டிருந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான ஒரு சிறிய உடல் வேறுபாடு, வரலாற்றில் எந்த நாய்க்கு இடம் கிடைக்கும் என்பதையே முடிவு செய்துவிட்டது.

இன்று லண்டனிலோ, டொரண்டோவிலோ, ஒஸ்லோவிலோ, சிட்னியிலோ வாழும் ஒரு தமிழ்க் குடும்பம் நாய்க்குட்டி வாங்க முடிவு செய்யும்போது, எந்த இனம் என்ற கேள்விக்கு அடுத்ததாக எழுவது ஆணா பெண்ணா என்ற கேள்வி. ஆண் நாய் காவலுக்கு நல்லது, பெண் நாய் சாதுவானது, ஆண் நாய் முரட்டுத்தனமானது, பெண் நாய் சொன்னதைக் கேட்கும் என்றெல்லாம் உறவினர்களும் நண்பர்களும் ஆலோசனை கூறுவார்கள். இவற்றில் சில அனுபவத்தில் விளைந்தவை. வேறு சில வழிவழியாகச் சொல்லப்பட்டு வருபவை. நாய்களைப் பற்றிய அறிவியல் ஆய்வுகள் கடந்த இருபது ஆண்டுகளில் பெருமளவில் வளர்ந்துள்ள நிலையில், இந்தக் கருத்துகளில் எவை நிற்கின்றன, எவை நிற்கவில்லை என்பதைப் பார்க்க முடிகிறது.

சுருக்கமாகச் சொன்னால், ஒரே இனத்தைச் சேர்ந்த ஆண், பெண் நாய்களுக்கு இடையே உடலளவிலும், இனப்பெருக்கம் சார்ந்த நடத்தையிலும், வரக்கூடிய நோய்களிலும் தெளிவான வேறுபாடுகள் உள்ளன. குணத்தில் உள்ள வேறுபாடுகளோ பலரும் எண்ணுவதைவிடச் சிறியவை. நாயின் ஆயுளையும் நலத்தையும் பாதிக்கக்கூடிய பெரிய முடிவு, ஆணா பெண்ணா என்பதைக் காட்டிலும், அந்த நாய்க்குக் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்வதா, செய்வதானால் எந்த வயதில் செய்வது என்பதாகவே இருக்கிறது.

உருவத்தில் எவ்வளவு வேறுபாடு?

பெரும்பாலான இனங்களில் ஆண் நாய், பெண் நாயைவிட உயரமாகவும் கனமாகவும் இருக்கும். ஆனால் இந்த வேறுபாட்டின் அளவு இனத்துக்கு இனம் மாறுகிறது. நம்மவர்கள் அல்சேஷன் என்று அழைக்கும் ஜெர்மன் ஷெப்பர்ட் இனத்துக்கான சர்வதேச வரையறையின்படி, ஆண் நாயின் தோள் உயரம் 60 முதல் 65 சென்டிமீட்டர் வரையும் எடை 30 முதல் 40 கிலோ வரையும் இருக்க வேண்டும். பெண் நாய்க்கு இது 55 முதல் 60 சென்டிமீட்டர், 22 முதல் 32 கிலோ. அதாவது உயரமான பெண் நாயும் குட்டையான ஆண் நாயும் ஒரே அளவில் நிற்கும்.

லாப்ரடார் இனத்திலோ இடைவெளி இன்னும் குறைவு. பிரிட்டனில் பின்பற்றப்படும் வரையறை ஆண் நாய்க்கு 56 முதல் 57 சென்டிமீட்டரும், பெண் நாய்க்கு 55 முதல் 56 சென்டிமீட்டரும் உயரம் என்கிறது. அமெரிக்க வரையறையில் ஆண் லாப்ரடாரின் எடை ஏறத்தாழ 29 முதல் 36 கிலோ, பெண் லாப்ரடாரின் எடை 25 முதல் 32 கிலோ. சின்னஞ்சிறு இனங்களில் பால் வேறுபாட்டைப் பார்த்த மாத்திரத்தில் கூறுவது பலருக்கும் கடினம்.

உயரமும் எடையும் தவிர, ஆண் நாயின் தலை அகன்றும் கழுத்து தடித்தும் இருக்கும். பெண் நாய் பொதுவாகச் சற்று முன்னதாகவே முழு வளர்ச்சியை எட்டிவிடும். வயதானவர்களோ சிறு குழந்தைகளோ நாயைக் கயிற்றில் பிடித்து அழைத்துச் செல்ல வேண்டிய குடும்பங்களுக்கு, ஏழெட்டுக் கிலோ எடை வேறுபாடு உண்மையிலேயே பொருட்படுத்தத்தக்கது. பனி உறைந்த நடைபாதையில் 38 கிலோ நாய் இழுப்பதும் 28 கிலோ நாய் இழுப்பதும் ஒன்றல்ல.

பிறக்கும் முன்பே தொடங்கும் மாற்றம்

ஆண் நாயின் நடத்தையை டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் தீர்மானிக்கிறது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. இது பாதி உண்மையே. இந்த ஹார்மோன் இரண்டு கட்டங்களில் செயல்படுகிறது. முதலாவது கட்டம், குட்டி பிறப்பதற்கு முன்பும் பிறந்ததை ஒட்டியும் நிகழ்கிறது. அப்போது ஆண் குட்டியின் விந்தகங்களில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன், வளர்ந்துவரும் மூளையில் ஆணுக்குரிய பாதைகளை அமைக்கிறது. இரண்டாவது கட்டம் பருவமடையும்போது, அதாவது ஆறு மாதம் முதல் ஓராண்டு வரையிலான வயதில் தொடங்குகிறது. முன்பே அமைக்கப்பட்ட பாதைகள் இப்போது இயங்கத் தொடங்குகின்றன.

அறுவைச் சிகிச்சை செய்துவிட்டால் ஆண் நாயின் நடத்தை முழுவதும் மாறிவிடும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாற்றமடைவதற்கு இதுவே காரணம். அறுவை இரண்டாவது கட்டத்தை மட்டுமே நிறுத்துகிறது. முதல் கட்டத்தில் மூளையில் ஏற்பட்ட அமைப்பு அப்படியே இருக்கிறது. அறுவை செய்யப்பட்ட பல ஆண் நாய்கள் தொடர்ந்து காலைத் தூக்கியே சிறுநீர் கழிப்பதும் இதனால்தான்.

1976ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான, பின்னாளில் அடிக்கடி மேற்கோள் காட்டப்பட்ட ஓர் ஆய்வு, வளர்ந்த பின் விந்தகங்கள் அகற்றப்பட்ட 42 ஆண் நாய்களைக் கவனித்தது. வீட்டை விட்டு வெளியேறி அலையும் பழக்கம் இருந்த நாய்களில் ஏறக்குறைய 90 சதவீதத்தில் அந்தப் பழக்கம் குறைந்தது. பிற நாய்கள் மீதும் மனிதர்கள் மீதும் ஏறும் பழக்கம் சுமார் மூன்றில் இரண்டு பங்கு நாய்களிலும், பிற ஆண் நாய்களுடன் சண்டையிடுவது சுமார் 60 சதவீத நாய்களிலும், வீட்டுக்குள் சிறுநீர் கழித்து எல்லை குறிப்பது சுமார் பாதி நாய்களிலும் குறைந்தன. பெண் நாயைத் தேடும் உந்துதலோடு நேரடித் தொடர்புடைய பழக்கம் வெகுவாகக் குறைய, பழகிப்போன வழக்கமாகிவிட்டவை ஓரளவே குறைந்தன என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

பெண் நாயின் சுழற்சி

பெண் நாய் பொதுவாக ஆறு மாதம் முதல் ஒன்றரை வயதுக்குள், சில பெரிய இனங்களில் இரண்டு வயதை நெருங்கும்போது, முதன்முறையாகச் சினைப்பருவத்தை அடைகிறது. அதன் பின்னர் சராசரியாக ஏழு மாதங்களுக்கு ஒருமுறை அது திரும்ப வருகிறது. பசென்ஜி போன்ற சில இனங்களில் ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே வருகிறது.

ஒவ்வொரு முறையும் இது ஏறத்தாழ மூன்று வாரங்கள் நீடிக்கும். முதல் ஒன்பது நாட்கள் அளவுக்குப் பிறப்புறுப்பு வீங்கி, இரத்தக் கசிவு இருக்கும். இந்த நாட்களில் ஆண் நாய்கள் நெருங்கினாலும் பெண் நாய் அனுமதிப்பதில்லை. அடுத்த ஒன்பது நாட்கள் அளவுக்குக் கசிவு குறைந்து, நிறம் மங்கி, பெண் நாய் ஆண் நாயை ஏற்கும் நிலையில் இருக்கும். இரத்தக் கசிவு நின்றுவிட்டது, இனி ஆபத்தில்லை என்று எண்ணி உரிமையாளர்கள் கயிற்றைத் தளர்த்தும் நாட்களும் இவைதான். எதிர்பாராத சினைகள் பலவற்றுக்கு இந்தத் தவறான கணக்கே காரணமாகிறது. சினைக்காலம் ஏறத்தாழ 63 நாட்கள்.

மனிதப் பெண்களின் மாதவிடாயோடு இதை ஒப்பிடுவது பொருந்தாது. மாதவிடாயின்போது கசிவு வருவது கருத்தரிக்காததன் விளைவு. நாயில் கசிவு வருவது கருத்தரிப்பதற்கான ஆயத்தம். அதேபோல், நாய்களுக்கு மாதவிடாய் நிற்பதைப் போன்ற ஒரு கட்டம் கிடையாது. வயது முதிர முதிர இடைவெளி நீண்டாலும், சுழற்சி வாழ்நாள் முழுவதும் தொடர்கிறது.

இன்னொரு தனித்தன்மையும் உண்டு. சினைப்பருவம் முடிந்த பின், பெண் நாய் கருவுற்றிருந்தாலும் இல்லாவிட்டாலும், புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சுமார் இரண்டு மாதங்களுக்கு உயர்ந்தே இருக்கிறது. அது சரியும்போது, பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் உயர்கிறது. இதனால் சில பெண் நாய்கள் கருவுறாமலேயே மடி பெருத்து, பால் சுரந்து, பொம்மைகளையும் காலணிகளையும் குட்டிகளைப் போல் சேர்த்துவைத்துக் காக்கும். இதைப் பொய்ச்சினை என்பார்கள். ஓநாய்க் கூட்டத்தில் ஒரு பெண் ஈனும் குட்டிகளைப் பிற பெண்களும் பேண உதவிய ஏற்பாட்டின் எச்சமாக இது இருக்கலாம் என்ற விளக்கம் உண்டு. பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும்.

ஆண் நாய்க்கு இத்தகைய பருவம் எதுவும் இல்லை. ஆண்டு முழுவதும் அது இனச்சேர்க்கைக்குத் தயாராக இருக்கிறது. அக்கம்பக்கத்தில் ஒரு பெண் நாய் சினைப்பருவத்தில் இருப்பதை மோப்பத்தால் அறிந்துகொண்டால், உணவைக்கூட மறுத்து ஊளையிடுவதும், வேலியைத் தாண்டி ஓடுவதும், சாலையில் அடிபடுவதும் நடக்கின்றன. ஆக, பெண் நாயின் உரிமையாளருக்கு ஆண்டில் ஆறு வாரங்கள் கடுமையான கவனம் தேவை. ஆண் நாயின் உரிமையாளருக்கு அந்தக் கவனம் எந்த நாளில் தேவைப்படும் என்பது அவர் கையில் இல்லை.

குணத்தில் ஆய்வுகள் கண்டவை

குணம் குறித்த ஆய்வுகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். உரிமையாளர்களிடம் வினாக்கள் கேட்டு நடத்தப்படுபவை ஒரு வகை. நாய்களை நேரடியாகச் சோதித்துப் பார்ப்பவை மற்றொரு வகை.

முதல் வகையில், 2021ஆம் ஆண்டு பின்லாந்தில் 9,000க்கும் மேற்பட்ட நாய்களைக் கொண்டு வெளியிடப்பட்ட ஆய்வு, மனிதர்களிடம் மூர்க்கமாக நடந்துகொள்ளும் போக்கு பெண் நாய்களைவிட ஆண் நாய்களில் அதிகம் என்று கண்டது. ஆனால் அதே ஆய்வில் பாலைக் காட்டிலும் வலுவாக வெளிப்பட்ட காரணி அச்சம். பயந்த சுபாவமுள்ள நாய்களே அதிகம் உறுமின, கடித்தன. எனவே, தைரியமான ஆண் குட்டிக்கும் பயந்த பெண் குட்டிக்கும் இடையே தேர்வு செய்யும் குடும்பம், பெண் என்பதற்காகவே இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால், அது தவறான கணக்காக முடியலாம்.

இரண்டாவது வகைக்கு எடுத்துக்காட்டு, 2011ஆம் ஆண்டு வியன்னாவில் நடந்த ஒரு சோதனை. அதில் 25 ஆண் நாய்களும் 25 பெண் நாய்களும் ஒரு பந்தைப் பார்த்தன. நூலில் கட்டி இழுக்கப்பட்ட அந்தப் பந்து ஒரு தடுப்புப் பலகைக்குப் பின்னால் மறைந்து மறுபுறம் வெளிவந்தது. சில முறை அதே அளவிலும், சில முறை பெரிதாகவோ சிறிதாகவோ மாறியும் வெளிவந்தது. அளவு மாறியபோது பெண் நாய்கள் வியப்படைந்ததைப் போல் நீண்ட நேரம் உற்றுப் பார்த்தன. ஆண் நாய்களின் பார்வையில் அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. கருத்தடை செய்யப்பட்டிருந்ததா இல்லையா என்பது முடிவை மாற்றவில்லை. இதை வைத்துப் பெண் நாய்களே அறிவுள்ளவை என்று கூறிவிட முடியாது. கண்ணால் கண்டதைக் கையாளும் விதத்தில் இரு பாலுக்கும் வேறுபாடு இருக்கலாம் என்பதே இதிலிருந்து பெறத்தக்க முடிவு.

2015ஆம் ஆண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் மேற்கொண்ட மற்றொரு சோதனையில், பிணைப்பு உணர்வோடு தொடர்புடைய ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் நாய்களின் மூக்கில் தெளிக்கப்பட்டது. பெண் நாய்கள் தங்கள் உரிமையாளரின் கண்களை முன்னைவிட அதிக நேரம் நோக்கின. அதைத் தொடர்ந்து உரிமையாளரின் உடலிலும் அதே ஹார்மோன் உயர்ந்தது. ஆண் நாய்களில் இந்த விளைவு தென்படவில்லை. பெண் நாய் மனிதரை அதிகம் நோக்குகிறது என்ற அனுபவக் கருத்துக்கு இது ஓரளவு வலுச் சேர்க்கிறது. ஆனால் ஆண் லாப்ரடார் வளர்ப்பவர்கள் பலரும், அதுவே தம்மை நிழல்போல் தொடர்வதாகக் கூறுவார்கள். சராசரிகளைப் பற்றிய ஆய்வு, தனியொரு நாயைப் பற்றி முன்கூட்டியே எதையும் உறுதியாகச் சொல்வதில்லை.

இனம் குறித்த நம் நம்பிக்கைகளே ஆட்டம் கண்டுள்ளன என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். 2022ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான பெரிய மரபணு ஆய்வொன்று, 18,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றிய விவரங்களைத் திரட்டி, தனித்தனி நாய்களின் நடத்தை வேறுபாட்டில் சுமார் 9 சதவீதத்தை மட்டுமே இனம் விளக்குகிறது என்று முடிவு கூறியது. எஞ்சியவை அந்த நாயின் தனிப்பட்ட மரபணு, தாயின் சுபாவம், முதல் சில மாதங்களில் கிடைத்த பழக்கம், வளர்ப்பு ஆகியவற்றில் தங்கியுள்ளன.

பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களின் வரலாறு இதற்கு நல்ல சான்று. 1928ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் பயிற்சி பெற்று, அமெரிக்கரான மோரிஸ் ஃபிராங்க் என்பவருக்கு வழிகாட்டியாகச் சென்ற பட்டி என்ற ஜெர்மன் ஷெப்பர்ட் ஒரு பெண் நாய். இன்று வழிகாட்டி நாய்களைப் பயிற்றுவிக்கும் அமைப்புகள் ஆண், பெண் இரண்டையும் பயன்படுத்துகின்றன. எந்தக் குட்டி தேறும் என்பதை முடிவு செய்வது பயிற்சியின்போது அது காட்டும் தன்மையே.

நோய்கள் வேறு, ஆபத்துகள் வேறு

உடல்நலத்தைப் பொறுத்தவரை வேறுபாடுகள் கூர்மையானவை. கருப்பை அகற்றப்படாத பெண் நாய்களுக்கு வரும் மிகப் பெரிய ஆபத்து, கருப்பையில் சீழ் பிடிக்கும் நோய். பெரும்பாலும் சினைப்பருவம் முடிந்து சில வாரங்களில் இது தோன்றும். நாய் அளவுக்கு மீறித் தண்ணீர் குடிப்பது, சோர்ந்து கிடப்பது, உணவை மறுப்பது, சில வேளைகளில் பிறப்புறுப்பிலிருந்து சீழ் வடிவது ஆகியவை அறிகுறிகள். உடனே அறுவை செய்யாவிட்டால் உயிருக்கே ஆபத்தாகும். பெண் நாய்களுக்குக் கருப்பை அகற்றும் வழக்கம் நெடுங்காலம் அரிதாக இருந்த சுவீடனில், காப்பீட்டு ஆவணங்களை ஆராய்ந்தபோது, ஏறக்குறைய நான்கில் ஒரு பெண் நாய் பத்து வயதுக்குள் இந்நோய்க்கு உள்ளாவது தெரியவந்தது.

மடிக் கட்டிகளும் பெண் நாய்களையே பெரிதும் தாக்குகின்றன. 1969ஆம் ஆண்டு வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, முதல் சினைப்பருவத்துக்கு முன்பே அறுவை செய்யப்பட்ட நாய்களுக்கு, அறுவை செய்யப்படாத நாய்களோடு ஒப்பிடுகையில் இந்த ஆபத்து 0.5 சதவீதமே என்றும், முதல் பருவத்துக்குப் பின் செய்தால் 8 சதவீதம், இரண்டாவதற்குப் பின் செய்தால் 26 சதவீதம் என்றும் கூறியது. உலகெங்கும் கால்நடை மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாக இளவயது அறுவையைப் பரிந்துரைத்து வந்ததற்கு இந்த எண்கள் ஒரு முக்கிய ஆதாரம். ஆனால் 2012ஆம் ஆண்டு இத்துறையின் ஆய்வுகள் அனைத்தையும் மறுபரிசீலனை செய்த பிரிட்டிஷ் ஆய்வாளர்கள், இதற்கான சான்றுகள் உறுதியானவை அல்ல என்று கருத்துத் தெரிவித்தனர்.

ஆண் நாய்களைப் பொறுத்தவரை, விந்தகங்கள் உள்ள நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு நடுவயதைக் கடந்ததும் புராஸ்டேட் சுரப்பி பெருக்கிறது. பலவற்றுக்கு அதனால் தொல்லை இல்லை. சிலவற்றுக்குச் சிறுநீரில் இரத்தமும் மலம் கழிப்பதில் சிரமமும் ஏற்படும். விந்தகங்களில் கட்டி வருவதும் உண்டு. இவ்விரண்டையும் அறுவை தடுக்கிறது. புராஸ்டேட் புற்றுநோயை அது தடுப்பதில்லை.

ஆயுளில் வேறுபாடு சிறியது. பிரிட்டனில் 580,000க்கும் மேற்பட்ட நாய்களின் பதிவுகளைக் கொண்டு 2024ஆம் ஆண்டு வெளியான ஆய்வின்படி, பெண் நாய்களின் இடைநிலை ஆயுள் 12.7 ஆண்டுகள், ஆண் நாய்களுக்கு 12.4 ஆண்டுகள். அதே ஆய்வில் லாப்ரடார்களுக்கு 13.1 ஆண்டுகளும், தட்டையான முகம் கொண்ட பிரெஞ்சு புல்டாக் இனத்துக்கு 9.8 ஆண்டுகளும் பதிவாகியுள்ளன. இனத்தைத் தேர்வு செய்யும்போது கூடவோ குறையவோ செய்யும் ஆண்டுகளுக்கு முன்னால், பாலினால் வரும் நான்கு மாத வேறுபாடு ஒன்றுமில்லை என்றே கூறலாம்.

அறுவை எப்போது?

கருத்தடை அறுவையை ஆறு மாதத்திலேயே செய்துவிட வேண்டும் என்ற பழைய அறிவுரையை, கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் ஹார்ட், லினெட் ஹார்ட் ஆகியோரின் குழு மறுபரிசீலனைக்கு உட்படுத்தியது. 2013ஆம் ஆண்டு அவர்கள் 759 கோல்டன் ரிட்ரீவர் நாய்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்தனர். ஓராண்டுக்கு முன்பே அறுவை செய்யப்பட்ட ஆண் நாய்களில் 10 சதவீதத்துக்கு இடுப்பு மூட்டுக் குறைபாடு இருந்தது. இது அறுவை செய்யப்படாத ஆண் நாய்களைவிட இரு மடங்கு. முழங்கால் மூட்டின் தசைநார் கிழிவு அறுவை செய்யப்படாத நாய்கள் எதிலும் காணப்படவில்லை. இளவயதில் அறுவை செய்யப்பட்ட ஆண் நாய்களில் 5 சதவீதமும் பெண் நாய்களில் 8 சதவீதமும் அதற்கு உள்ளாகியிருந்தன.

இதற்கான காரணம் எலும்பு வளர்ச்சியில் உள்ளது. எலும்பின் நுனியிலுள்ள வளர்ச்சித் தட்டுகள் உரிய காலத்தில் மூடிக்கொள்ள ஆணிலும் பெண்ணிலும் பாலின ஹார்மோன்கள் தேவைப்படுகின்றன. அவை இல்லாவிட்டால் எலும்பு இயல்பைவிடச் சற்று நீண்ட காலம் வளர்கிறது. மூட்டுகளின் பொருத்தம் குலைகிறது. உடல் எடை அதிகமுள்ள பெரிய இனங்களில் இது நோயாக வெளிப்படுகிறது. சிறிய இனங்களில் பெரும்பாலும் வெளிப்படுவதில்லை.

2020ஆம் ஆண்டு அதே குழு 35 இனங்களுக்குத் தனித்தனியாகப் பரிந்துரைகளை வெளியிட்டபோது, ஒரே இனத்துக்குள்ளேயே ஆணுக்கும் பெண்ணுக்கும் வெவ்வேறு வயதுகளைக் குறிப்பிட நேர்ந்தது. லாப்ரடாரில் ஆண் நாய்க்கு ஆறு மாதத்துக்குப் பின்னரும், பெண் நாய்க்கு ஓராண்டுக்குப் பின்னரும் அறுவை செய்யலாம் என்பது அவர்கள் கருத்து. ஜெர்மன் ஷெப்பர்டில் இரு பாலுக்கும் ஏறக்குறைய இரண்டு வயது வரை காத்திருப்பது நல்லது. கோல்டன் ரிட்ரீவர் பெண் நாய்களில் எந்த வயதில் அறுவை செய்தாலும் சில புற்றுநோய்களின் ஆபத்து கூடுவதாகத் தெரிந்ததால், அறுவையே செய்யாமல் விடுவது, அல்லது ஓராண்டில் செய்துவிட்டுக் கவனமாகக் கண்காணிப்பது என்று பரிந்துரைத்தனர்.

நடத்தையிலும் எச்சரிக்கை தேவைப்படுகிறது. 2018ஆம் ஆண்டு சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற ஆய்வொன்று, இளவயதிலேயே விந்தகங்கள் அகற்றப்பட்ட ஆண் நாய்களில் அச்சமும் அச்சத்தால் விளையும் மூர்க்கமும் கூடுதலாகக் காணப்பட்டதாகத் தெரிவித்தது. பயந்த சுபாவமுள்ள ஆண் நாயைச் சாந்தப்படுத்துவதாக எண்ணி அறுவை செய்வது எதிர்விளைவைத் தரலாம். ஐரோப்பிய நாடுகளில் இதற்கு ஓர் இடைவழி உள்ளது. தோலுக்கு அடியில் வைக்கப்படும் ஒரு மருந்துச் சில்லு ஆண் நாயின் ஹார்மோன் சுரப்பை ஆறு மாதமோ ஓராண்டோ நிறுத்திவைக்கும். அதன் விளைவைப் பார்த்துவிட்டு அறுவை பற்றி முடிவு செய்யலாம்.

நாட்டுக்கு நாடு மாறும் வழக்கம்

புலம்பெயர்ந்த தமிழர்கள் வாழும் நாடுகளுக்கிடையே இதில் பெரும் வேறுபாடு நிலவுகிறது. கனடாவிலும் அமெரிக்காவிலும் விலங்குக் காப்பகங்கள் குட்டிகளைக் கருத்தடை செய்த பின்னரே கொடுப்பது வழக்கம். அங்கே அறுவை செய்யாமல் வைத்திருப்பவர் பொறுப்பற்றவராகப் பார்க்கப்படலாம். நோர்வேயிலோ, 2009ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், விலங்கின் உடல்நலத்தை முன்னிட்ட நியாயமான காரணம் இன்றி அறுவை செய்வதையும் உறுப்புகளை அகற்றுவதையும் தடை செய்கிறது. அங்கு வழக்கமாகக் கருத்தடை செய்யப்படுவதில்லை. அண்ணன் டொரண்டோவிலும் தங்கை ஒஸ்லோவிலும் ஒரே இன நாயை வளர்த்தால், இருவருக்கும் கிடைக்கும் மருத்துவ அறிவுரை நேரெதிராக இருக்கக்கூடும். இரண்டு நாடுகளின் மருத்துவர்களும் தத்தம் சூழலுக்கு ஏற்பவே பேசுகிறார்கள். தெருவில் நாய்கள் இல்லாத, உரிமையாளர்கள் நாயைக் கயிற்றில் பிடித்தே நடத்தும் சமூகத்தில், அறுவையின் தேவை குறைகிறது.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் நிலைமை வேறு. அங்கே பெண் நாய்களுக்கு நேரும் கதி, அவற்றின் குணத்தோடு எந்தத் தொடர்பும் அற்றது. காவலுக்கு ஆண் நாயே சிறந்தது என்ற எண்ணமும், பெட்டை நாய் என்றால் குட்டி போட்டுக்கொண்டே இருக்கும் என்ற சலிப்பும் சேர்ந்து, ஈன்ற குட்டிகளில் ஆண் குட்டிகளை எடுத்துக்கொண்டு பெண் குட்டிகளைச் சந்தையோரத்திலோ குளத்தங்கரையிலோ விட்டுவரும் வழக்கத்தை உருவாக்கியுள்ளன. பெண் குட்டிகளை விலக்குவதால் நாய்களின் எண்ணிக்கை குறைவதில்லை. மாறாக, கவனிப்பாரற்ற பெண் நாய்கள் தெருவில் பெருகுகின்றன. ஒரேயொரு ஆண் நாய் பல பெண் நாய்களைச் சினைப்படுத்த முடியும் என்பதால், பிறக்கும் குட்டிகளின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது கருத்தடை செய்யப்படாத பெண் நாய்களின் எண்ணிக்கைதான். வீட்டில் வளர்த்து அறுவை செய்திருக்க வேண்டிய அந்தப் பெண் குட்டியே, தெருவில் விடப்பட்டால் மீண்டும் மீண்டும் ஈனும் தாயாகிறது.

இந்தியாவில் தெரு நாய்களுக்குக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடும் முறை 2001ஆம் ஆண்டின் விதிகளால் நடைமுறைக்கு வந்தது. 2023ஆம் ஆண்டு அவற்றுக்குப் பதிலாகப் புதிய விதிகள் கொண்டுவரப்பட்டன. வெறிநோய்ப் பரவலைத் தடுக்க நாய்களில் 70 சதவீதத்துக்காவது தடுப்பூசி போடப்பட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். ஆண்டுதோறும் புதிய குட்டிகள் தெருவில் சேர்ந்துகொண்டே இருந்தால் இந்த அளவை எட்டுவது கடினம். வீட்டு வாசலில் ஆணா பெண்ணா என்று எடுக்கப்படும் ஒரு முடிவு, கடைசியில் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக முடிவது இவ்வாறுதான்.

இரண்டாவது நாய் வாங்குவோருக்கு

ஏற்கனவே ஒரு நாய் உள்ள வீட்டில், இரண்டாவது நாயின் பால் முக்கியத்துவம் பெறுகிறது. ஒரே வீட்டில் வாழும் நாய்களுக்கிடையே ஏற்படும் கடுமையான சண்டைகளை ஆராய்ந்தவர்கள், சண்டையிடும் இணைகளில் பெரும்பாலானவை ஒரே பாலைச் சேர்ந்தவை என்றும், அவற்றில் பெண் நாய்களின் பங்கே அதிகம் என்றும் கண்டுள்ளனர். பெண் நாய் சாதுவானது என்ற பொதுக் கருத்துக்கு இது முரணாகத் தோன்றலாம். ஆனால் மனிதரிடம் காட்டும் சாந்தமும், வீட்டில் தன் இடத்துக்குப் போட்டியாக வரும் இன்னொரு பெண் நாயிடம் காட்டும் சகிப்பும் ஒன்றல்ல. எனவே எதிர்ப்பால் நாய்களைச் சேர்த்து வளர்ப்பதும், இரண்டில் ஒன்றுக்காவது கருத்தடை செய்வதும் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது.

முதல் நாய் வாங்குவோருக்கு, பாலைவிடப் பயனுள்ள கேள்விகள் வேறு உள்ளன. குட்டிகளின் தாயை நேரில் பார்க்க முடிகிறதா? அது அந்நியரைக் கண்டு ஒதுங்குகிறதா, அருகில் வருகிறதா? பெற்றோர் நாய்களுக்கு இடுப்பு, முழங்கை மூட்டுப் பரிசோதனைகள் செய்யப்பட்டுள்ளனவா? குட்டிகள் எட்டு வாரம் வரை தாயுடனும் உடன்பிறப்புகளுடனும் இருந்தனவா? வீட்டில் நாயைக் கயிற்றில் அழைத்துச் செல்லப்போகிறவர் யார், அவர் எத்தனை கிலோவைத் தாங்குவார்? இவற்றுக்கு நிறைவான பதில் கிடைத்த பின்னர், ஆணா பெண்ணா என்பதைக் குடும்பத்தின் விருப்பத்துக்கே விட்டுவிடலாம். பெண் குட்டி என்றால் ஆண்டுக்கு ஆறு வாரக் கவனத்தையும் கருப்பை நோயின் அறிகுறிகளையும், ஆண் குட்டி என்றால் உறுதியான வேலியையும் மனதில் கொள்ள வேண்டும். அறுவை பற்றிய முடிவை, இனத்தையும் பாலையும் வயதையும் சேர்த்துப் பார்த்து, கால்நடை மருத்துவரோடு கலந்து பேசியே எடுக்க வேண்டும்.